உங்க ஆபீஸ் சார்ட்டைக் கொண்டுவந்தவர் முதலில் கேள்வி கேட்டது யாரைன்னு தெரியுமா?

டீம் மீட்டிங்கில் பெரிய ஸ்கிரீனில் அந்தப் படத்தை நீங்க கண்டிப்பா பார்த்திருப்பீங்க. இடது ஓரத்தில் வேலைகளின் பட்டியல். மேலே தேதிகள். நடுவில் படுக்கைவாட்டில், நீளமும் குட்டையுமாக, கலர் கலராகக் கோடுகள். உங்க பெயருக்கு நேரே இருக்கும் கோடு இன்றைய தேதியை எட்டாமல் நின்றுவிட்டால் போச்சு. ஏன் லேட் என்று கேள்வி வரும். நீங்க யோசித்து வாயைத் திறப்பதற்குள் அடுத்த ஆளின் கோட்டுக்குப் போயிருப்பாங்க.

அந்தப் படத்துக்குப் பெயர் கான்ட் சார்ட். ஏதோ சாஃப்ட்வேர் கம்பெனியின் பெயர் என்று நினைத்துவிடாதீங்க. ஹென்றி லாரன்ஸ் கான்ட் என்ற அமெரிக்க இன்ஜினீயரின் பெயர் அது. மனுஷன் இறந்து 100 வருஷத்துக்கு மேல ஆச்சு. பெயர் மட்டும் இன்னும் உலகம் முழுக்க ஆபீஸ்களில் தினமும் அடிபடுகிறது. ஆனா, அந்தக் கோடுகளைப் போட்டபோது ஏன் லேட் என்ற கேள்வியை அவர் யாரிடம் கேட்க நினைத்தார் என்பது நிறைய பேருக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள அவருடைய வாழ்க்கையைக் கொஞ்சம் பார்க்கணும்.

போர் தொடங்கி ஆறாவது வாரம்

1861 ஏப்ரல் 12-ம் தேதி அமெரிக்க உள்நாட்டுப் போர் வெடித்தது. அதே வருஷம் மே 20-ம் தேதி, மேரிலாந்து மாநிலத்தின் கால்வர்ட் கவுன்ட்டியில் கான்ட் பிறந்தார். அப்பா வர்ஜில் கான்ட், அம்மா மேரி ஜேன். நிலபுலன்களோடு வசதியாக இருந்த குடும்பம். அந்த வசதிக்குப் பின்னால் இருந்தது அடிமைகளின் உழைப்பு.

1864 நவம்பர் 1-ல் மேரிலாந்தில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. கான்ட்டுக்கு அப்போது 3 வயது. போர் முடிந்தபோது குடும்பத்தின் சொத்தெல்லாம் கரைந்துபோயிருந்தது. கான்ட்டைப் பற்றி எழுதும் பலரும் இந்த இடத்தில் குடும்பம் நொடித்துப்போன சோகத்தைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அந்தக் குடும்பம் இழந்த அதே வருஷத்தில்தான் அந்த மண்ணில் கூலியே இல்லாமல் உழைத்தவர்கள் விடுதலையானார்கள். ரெண்டையும் சேர்த்துப் பார்க்கணும். ஏன்னா, இந்த விஷயம் கான்ட்டின் கதையில் பிறகு இன்னொரு தடவை வரும்.

பணம் இல்லாத வீட்டுப் பையனுக்கு ஒரு பள்ளிக்கூடம் கிடைத்தது. பால்டிமோருக்குப் பக்கத்தில் 1873-ல் திறக்கப்பட்ட மெக்டொனா பள்ளி. ஜான் மெக்டொனா என்ற வியாபாரி விட்டுச்சென்ற பணத்தில் ஏழைப் பையன்களுக்காக நடந்த பள்ளி அது. படிப்போடு பள்ளியின் பண்ணையிலும் பையன்கள் வேலை செய்யணும். கான்ட் 1878-ல் அங்கே படிப்பை முடித்தார். ரெண்டே வருஷத்தில், 1880-ல், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினார்.

பட்டத்தோடு நேரே பெரிய கம்பெனிக்குப் போகவில்லை. படித்த பள்ளிக்கே திரும்பி வந்து 3 வருஷம் பாடம் நடத்தினார். பிறகு நியூ ஜெர்சியின் ஸ்டீவன்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்து 1884-ல் மெக்கானிக்கல் இன்ஜினீயர் ஆனார். பால்டிமோரில் ஓர் இரும்பு வார்ப்புப் பட்டறையில் வரைபடம் போடும் வேலை பார்த்தார். அதை விட்டுவிட்டு மறுபடியும் அதே பள்ளிக்கு வாத்தியாராகப் போனார். இந்த வாத்தியார் புத்தி அவரை விட்டுக் கடைசிவரை போகவே இல்லை.

ஸ்டாப் வாட்ச் குருவும் சிஷ்யனும்

1887-ல் கான்ட் பிலடெல்பியாவில் இருந்த மிட்வேல் ஸ்டீல் கம்பெனியில் சேர்ந்தார். அங்கே அவருக்கு வாய்த்த மேலதிகாரி ஃபிரெடரிக் டெய்லர். எம்.பி.ஏ படிக்கிறவங்களுக்கு இந்தப் பெயர் பரிச்சயமா இருக்கும். தொழிலாளி செய்யும் ஒவ்வொரு வேலையையும் துண்டு துண்டாகப் பிரித்து, ஸ்டாப் வாட்ச் வைத்து அளந்து, இந்த வேலைக்கு இத்தனை நிமிஷம்தான் என்று வகுத்தவர்.

அதுக்கு முன்னாடி ஃபேக்டரி எப்படி ஓடியது என்று தெரிந்தால்தான் டெய்லர் செய்தது புரியும். எந்த ஆர்டர் முதலில், எந்த மெஷினில், யார் செய்வது, எவ்வளவு நாள் ஆகும், எல்லாமே ஃபோர்மேன் தலைக்குள் இருக்கும். காலையில் அவர் வந்து கத்திச் சொன்னால்தான் வேலை நகரும். அவருக்குக் காய்ச்சல் வந்தால் திட்டமும் படுத்துவிடும். வாடிக்கையாளருக்குச் சொல்லும் தேதி குத்துமதிப்புதான். டெய்லர் அந்தத் திட்டத்தை ஃபோர்மேன் தலையிலிருந்து எடுத்துத் தனியாக ஒரு திட்டப் பிரிவின் மேஜையில் வைத்தார்.

ஆனா, டெய்லரின் கூலி முறையில் ஒரு கொடுக்கு இருந்தது. குறித்த அளவை முடித்தால் ஒரு பீஸுக்கு அதிக ரேட். முடிக்கவில்லை என்றால், செய்த பீஸ்களுக்கும் குறைந்த ரேட்தான். ஒன்றிரண்டு குறைந்தாலும் மொத்த நாளின் சம்பளமும் அடிவாங்கும். நன்றாகச் செய்கிறவருக்குக் கொண்டாட்டம், தடுமாறுகிறவருக்கு ரெட்டை அடி.

கான்ட் பல வருஷம் டெய்லரோடுதான் இருந்தார். 1899-ல் பெத்லஹேம் ஸ்டீல் கம்பெனிக்கு டெய்லர் அழைத்தபோது அங்கேயும் போனார். அதே வருஷம்தான் மேரி எலைசா ஸ்னோவோடு அவருக்குக் கல்யாணம் நடந்தது. பெத்லஹேமில்தான், 1901-ல், குருவின் பாதையிலிருந்து சிஷ்யன் முதல் தடவையாகக் கொஞ்சம் விலகினார்.

கான்ட் கொண்டுவந்த ஏற்பாடு இதுதான். தொழிலாளிக்குத் தினக்கூலி எப்படியும் உறுதி. எப்படிச் செய்யணும் என்று எழுதிய அட்டை கையில் கொடுக்கப்படும். குறித்த நேரத்துக்குள் முடித்தால் கூலிக்கு மேலே போனஸ். முடிக்க முடியவில்லையா, போனஸ் போகும், கூலி போகாது. இதில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. தன் கீழே இருப்பவர்களில் எத்தனை பேர் போனஸ் வாங்குகிறார்களோ, அதற்கு ஏற்ப ஃபோர்மேனுக்கும் போனஸ். தேறாதவனைத் திட்டி விரட்டுவதைவிட, கூட நின்று சொல்லிக்கொடுத்தால் ஃபோர்மேன் பாக்கெட்டில் காசு சேரும். வாத்தியார் புத்தி எட்டிப்பார்த்த இடம் இது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கூடவே ஒரு சார்ட்டும் வந்தது. ஒவ்வொரு தொழிலாளி பெயருக்கும் நேரே, நாள்வாரியாக. அன்று போனஸ் வாங்கியிருந்தால் கறுப்புக் கோடு. இல்லையென்றால் சிவப்பு. உங்க மீட்டிங்கில் பயமுறுத்தும் சிவப்புக்குத் தாத்தா என்றே இதைச் சொல்லலாம். இந்தக் கட்டம்வரை கான்ட்டின் கோடுகளும் தொழிலாளியைப் பார்த்துத்தான் நீண்டிருந்தன.

சிறுவயது விஷயம் மறுபடி வரும் என்று சொன்னேனே, அது இங்கேதான். இந்தக் கூலி முறைக்குப் பெயர் டாஸ்க் அண்டு போனஸ். இன்று ஆப்பில் சாதாரணமாக டாஸ்க் என்கிறோம். ஆனா, அமெரிக்கத் தெற்கின் பண்ணைகளில் ஓர் அடிமைக்கு ஒரு நாளுக்கு என்று அளந்து கொடுக்கப்பட்ட வேலைக்கும் டாஸ்க் என்றுதான் பெயர். அடிமைப் பண்ணைகளின் கணக்குப் புத்தகங்களை ஆராய்ந்து 2018-ல் புத்தகம் எழுதிய வரலாற்றாசிரியர் கெய்ட்லின் ரோசன்தால் இந்தத் தொடர்பைச் சுட்டிக்காட்டியிருக்கிறார். கான்ட்டுக்கும் அந்த வார்த்தையின் நாற்றம் தெரிந்தே இருந்தது. விருப்பப்பட்டுச் செய்யும் வேலை, கூடுதலாகக் காசு என்பதெல்லாம் பெரிய வித்தியாசம்தான். இருந்தாலும், அளந்து கொடுப்பவர் ஒருத்தர், செய்து முடிப்பவர் இன்னொருத்தர் என்ற ஏற்பாடு மாறவில்லை. இதை மறைத்துவிட்டு அவரைக் கொண்டாடுவது நியாயமில்லை.

தீபாவளிக்கு முந்தின வாரத்து டெய்லர் கடை

1900-களின் தொடக்கத்தில் கான்ட் தனியாக ஆலோசகராக இறங்கினார். ரயில் இன்ஜின் செய்யும் அமெரிக்கன் லோகோமோட்டிவ் கம்பெனி, துணி வெளுக்கும் ஆலை, நெசவாலை என்று வாடிக்கையாளர்கள் பலவிதம். 1903-ல் அமெரிக்க மெக்கானிக்கல் இன்ஜினீயர்கள் சங்கத்தில் ஒரு கட்டுரை படித்தார். உற்பத்தியின் தினசரி நிலுவையைப் படமாகக் காட்டுவது பற்றிய கட்டுரை. கேட்க உப்புச்சப்பில்லாமல் இருக்கும். விஷயம் அப்படி இல்லை.

தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரு டெய்லர் கடையை மனதில் கொண்டுவாங்க. 60 சட்டை ஆர்டர். கடைக்காரர் நோட்டில் 35 முடிந்தது, 25 பாக்கி என்று இருக்கு. சரி, கடை லேட்டா, இல்லையா? அந்த நோட்டைப் பார்த்துச் சொல்லவே முடியாது. இன்றைக்கு எத்தனை முடிந்திருக்கணும் என்ற எண் பக்கத்தில் இருந்தால்தான் 35 என்பதற்கு அர்த்தமே வரும். அதோடு, 25-லும் துணி வெட்டியாச்சு, காஜா போடும் ஆள்தான் வரவில்லை என்றால் பிரச்னை ஒரு மாதிரி. துணியே இன்னும் வெட்டவில்லை என்றால் வேறு மாதிரி.

ரயில் இன்ஜினில் இதே தலைவலி ஆயிரம் மடங்கு. அத்தனை உதிரி பாகங்களில் சிலிண்டர் மட்டும் வரவில்லை என்றால், தயாரான மற்ற எல்லாமே தரையில் கிடந்து துருப்பிடிக்கும். எல்லாப் பிரிவும் மும்முரமாக வேலை செய்ததாகக் கணக்கு காட்டும். இன்ஜின் மட்டும் வெளியே போகாது. அதனால்தான் கான்ட் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒவ்வொரு நாளும் முடிந்திருக்க வேண்டியது எவ்வளவு, முடிந்தது எவ்வளவு என்று பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். இன்றைக்கு நமக்கு இது சாதாரணம். பேரேட்டில் எண்களை எழுதிவைத்து மாசக் கடைசியில் கூட்டிப்பார்க்கும் காலத்தில், நாளைக்குக் காலையிலேயே தெரிந்துகொள்வது பெரிய விஷயம்.

1908 வாக்கில் கனடியன் பசிபிக் ரயில்வே தன் மான்ட்ரியல் பணிமனைக்கு அவரை அழைத்தது. அங்கே ரயில் இன்ஜின்களைப் பழுது பார்க்கும் வேலையும் உண்டு. புதுசா செய்வதைவிட ரிப்பேருக்கு நேரம் குறிப்பது கஷ்டம். பைக் சர்வீஸுக்கு விட்டவங்களுக்குத் தெரியும். பிரித்துப் பார்த்தால்தான் உள்ளே என்ன போச்சு என்றே தெரியும். மாலை 5 மணிக்கு வாங்க என்று சொல்லிவிட்டு மறுநாள் காலைக்குத் தள்ளுவது மெக்கானிக்கின் குறும்பு இல்லை, அந்த வேலையின் குணம்.

இதற்கிடையே ஸ்டாப் வாட்ச் முறைக்கு எதிர்ப்பு கிளம்பியது. 1911 ஆகஸ்டில் மாசசூசெட்ஸின் வாட்டர்டவுன் அரசு ஆயுதத் தொழிற்சாலையில், கடிகாரத்தோடு வந்து பக்கத்தில் நின்றதைப் பொறுக்காமல் வார்ப்புத் தொழிலாளர்கள் வேலையைப் போட்டுவிட்டு வெளியேறினார்கள். விஷயம் அமெரிக்க நாடாளுமன்றம்வரை போய் விசாரணை நடந்தது. அரசு ஆயுதத் தொழிற்சாலைகளில் ஸ்டாப் வாட்ச் அளவீட்டுக்குப் பணம் செலவழிக்கக் கூடாது என்று 1915-ல் தடையே வந்தது. டெய்லரும் அந்த வருஷம் மார்ச்சில் இறந்துபோனார்.

கேள்வி திரும்பிய வருஷம்

அதே 1915-ல் கான்ட் படித்த ஒரு கட்டுரை, என்னைக் கேட்டால், அந்தப் பிரபலமான சார்ட்டைவிட முக்கியமானது. அந்தக் காலத்தில் ஒரு பொருளின் அடக்க விலை எப்படிப் போடுவார்கள்? ஃபேக்டரியின் மொத்தச் செலவை, செய்த பொருள்களின் மேல் பங்குபோட்டுத் தலைக்கு இவ்வளவு என்று ஏற்றிவிடுவார்கள். நல்லா ஓடும் காலத்தில் பரவாயில்லை. ஆர்டர் குறைந்து பாதி மெஷின் சும்மா நிற்கும்போது?

மறுபடியும் நம்ம டெய்லர் கடைக்கு வாங்க. 4 தையல் மெஷின். தீபாவளி முடிந்தபிறகு ரெண்டு மட்டும்தான் ஓடுகிறது. சும்மா நிற்கும் ரெண்டு மெஷினின் தவணை, அவை நிற்கும் இடத்தின் வாடகை, எல்லாத்தையும் அந்த மாசம் தைத்த ஒரு சில சட்டைகளின் மேல் ஏற்றினால், சட்டை அடக்க விலை எகிறும். உடனே முதலாளி என்ன முடிவுக்கு வருவார்? தைப்பவர் மெதுவா தைக்கிறார், கூலி அதிகம், குறைக்கணும். சட்டை தைத்தவர் செய்த தப்பு இதில் ஒன்றுமே இல்லை.

கான்ட் சொன்னது எளிமையானது. ஒரு பொருள், தன்னைச் செய்யத் தேவைப்பட்ட செலவை மட்டும் சுமந்தால் போதும். சும்மா நின்ற மெஷினின் செலவு அந்தப் பொருளுடையது இல்லை. அது கம்பெனியின் நஷ்டம். தனியாக எழுதி, மேலே இருப்பவர்களின் மேஜையில் வைக்கணும். இதை அவர் பேச்சோடு விடவில்லை, சார்ட்டாகவே போட்டார். ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு வரி. ஓடிய நேரத்துக்குக் கோடு, நின்ற நேரத்துக்கு வெற்றிடம். நின்றதற்கு என்ன காரணம் என்பதும் அதிலேயே. ஆர்டர் இல்லையா? விற்பனைப் பிரிவைக் கூப்பிடு. மூலப்பொருள் வரவில்லையா? கொள்முதல் பிரிவு. ரிப்பேரா? பராமரிப்பு. ஆள் இல்லையா? ஆள் எடுப்பவர்கள். எத்தனையோ காரணங்களில் மெஷினை ஓட்டுபவரின் தலையில் விழுவது கொஞ்சம்தான் என்பது அந்தத் தாளைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

1901-ல் தொழிலாளியின் பெயருக்கு நேரே சிவப்புக் கோடு போட்டவர், 14 வருஷத்தில் வந்து சேர்ந்த இடம் இது.

அடுத்து அவர் போன இடம்தான் வேடிக்கை. 1916-ல் சில இன்ஜினீயர்களையும் சிந்தனையாளர்களையும் சேர்த்துக்கொண்டு ‘நியூ மெஷின்’ என்று ஓர் அமைப்பைத் தொடங்கினார். முதலீட்டாளர்கள் கையில் இருக்கும் தொழில்துறையை, வேலை தெரிந்த இன்ஜினீயர்கள் நடத்தணும், லாபத்தைவிடச் சமூகத்துக்குச் சேவை முக்கியம் என்பது அதன் நோக்கம். இன்ஜினீயர்கள் கையில் கொடுத்துவிட்டால் உலகம் சரியாகிவிடும் என்று நம்புவது கொஞ்சம் அப்பாவித்தனம்தான். அமைப்பும் அதிக நாள் நிலைக்கவில்லை.

கோடுகளுக்கு வேலை கொடுத்த போர்

1917 ஏப்ரலில் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. ராணுவத்தின் ஆயுதத் துறை கான்ட்டின் உதவியைத் தேடியது. பிலடெல்பியாவின் ஃபிராங்க்ஃபோர்ட் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை செய்தார். அங்கே எல்லாப் பதிவுகளும் எண்ணிக்கையில் இருந்தன. இத்தனை லட்சம் ஆர்டர், இத்தனை லட்சம் வந்தது என்று. இத்தனை பெரிய எண்களைப் பார்த்து யாருக்கும் எதுவும் புரியாது. டெய்லர் கடை நோட்டு மாதிரியேதான்.

இன்று நமக்குத் தெரிந்த கான்ட் சார்ட் இந்தச் சமயத்தில்தான் முழு வடிவம் எடுத்தது. எண்ணிக்கையை அவர் நேரமாக மாற்றினார். தாளில் ஒரே அளவுள்ள கட்டங்கள், ஒவ்வொன்றும் ஒரு நாள் அல்லது ஒரு மாசம். அந்தக் காலத்துக்குள் முடியவேண்டிய வேலை எவ்வளவோ, அதுதான் ஒரு கட்டத்தின் முழு நீளம். ஜனவரிக்கு 1,000, பிப்ரவரிக்கு 2,000 என்று திட்டம் இருந்தால் ரெண்டு கட்டமும் ஒரே அகலம்தான். அந்தந்த மாசம் முடிந்ததற்கு மெல்லிய கோடு. ஆரம்பத்திலிருந்து மொத்தமாக முடிந்ததற்குக் கனத்த கோடு. மேலே இன்றைய தேதியில் ஓர் அடையாளம். கனத்த கோடு அந்த அடையாளத்துக்குப் பின்னால் நின்றால், எத்தனை நாள் பின்தங்கியிருக்கிறோம் என்பது ஒரே பார்வையில் தெரியும். துப்பாக்கியோ, தோட்டாவோ, ஆயிரமோ, லட்சமோ, எல்லாவற்றையும் ஒரே தாளில் ஒன்றோடொன்று ஒப்பிடலாம். நேரத்தை அளவுகோலாக்கியதுதான் சூட்சுமம்.

கோடு குறைந்த இடத்தில் ஒற்றை எழுத்து இருக்கும். எம் என்றால் மூலப்பொருளில் சிக்கல். ஆர் என்றால் பழுது. டி என்றால் கருவியில் கோளாறு. ஐ என்றால் எப்படிச் செய்யணும் என்று யாரும் சொல்லவில்லை. ஜி என்றால் ஆள் வேலைக்குப் புதுசு. ஏ என்றால் ஆள் வரவில்லை. கடைசி எழுத்தைத் தவிர மத்ததெல்லாம் யார் பொறுப்பு என்று யோசிச்சுப் பாருங்க. புதுசா சேர்ந்தவர் திணறினால்கூட அது கற்றுக்கொடுக்காதவரின் கணக்கு. வேகம் குறைந்த ஆள் என்று குறிக்கவும் ஓர் எழுத்து இருந்தது. ஆனா, அது பல எழுத்துகளில் ஒன்று. உங்க மீட்டிங்கில் கேட்கப்படாத கேள்விகளுக்கு எல்லாம் அந்தத் தாளில் இடம் இருந்தது.

கப்பல்களுக்கும் இதே வைத்தியம். ஜெர்மன் நீர்மூழ்கிகள் சரக்குக் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்த நேரம். கப்பல் கட்டுவதற்காக அமெரிக்க அரசு 1917-ல் அவசரக் கப்பல் கழகத்தைத் தொடங்கியது. கான்ட் அதற்கும் வேலை செய்தார். கப்பல் கட்டுவது ஒரு பக்கம் என்றால், இருக்கும் கப்பல்கள் நாள்களை எப்படிக் கழிக்கின்றன என்பது இன்னொரு பக்கம். துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டுக் காத்துநிற்கும் கப்பலும் சும்மா நிற்கும் மெஷின்தானே? ஃபேக்டரிக்குள் பிறந்த கோடு சேவைத் தொழிலுக்குள் நுழைந்தது இப்படித்தான். இன்று ஆபரேஷன் தியேட்டரை எந்த நேரம் யாருக்கு ஒதுக்குவது, ஏர்போர்ட்டில் எந்த விமானம் எந்த கேட்டில் நிற்பது என்று பார்க்கும் அட்டவணைகளிலும் அந்தக் கோடுகள் ஓடுகின்றன.

குறையும் உண்டு. ஒரு வேலை முடிந்தால்தான் அடுத்தது தொடங்கும் என்ற சங்கிலியை கான்ட்டின் கோடுகள் காட்டவில்லை. அடித்தளம் காயாமல் சுவர் எழுப்ப முடியாது என்பது மேஸ்திரிக்குத் தெரியும், அந்தத் தாளுக்குத் தெரியாது. இப்போ உங்க ஆப்பில் ஒரு கோட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் அம்புக்குறிகளுக்கான யோசனை 1950-களின் கடைசியில் வந்தது. டூபான்ட் கம்பெனியின் கிரிட்டிகல் பாத் முறையும், போலாரிஸ் ஏவுகணைக்காக அமெரிக்கக் கடற்படை உருவாக்கிய பெர்ட் முறையும்தான் அதற்கு வழி போட்டன. பிறகு கம்ப்யூட்டர் வந்து ரெண்டையும் ஒரே திரையில் கலந்தது. அந்தக் கலவையை நாம் கான்ட் சார்ட் என்கிறோம். அந்தக் கலவையில் அம்புகள் சேர்ந்தன, காரண எழுத்துகள் காணாமல்போயின.

பெயர் வந்தபோது ஆள் இல்லை

போர் முடிந்த அடுத்த வருஷம், 1919-ல், வேலையை ஒழுங்கமைப்பது பற்றிய அவருடைய கடைசிப் புத்தகம் வந்தது. தொழில்துறை லாபத்தை மட்டும் பார்த்து, மக்களுக்குச் செய்யவேண்டிய சேவையை மறந்தால், அது நீடிக்காது என்ற எச்சரிக்கை அதில் இருந்தது. ரஷ்யப் புரட்சி நடந்து ரெண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. அந்த எச்சரிக்கை யாருக்கும் கற்பனையாகத் தோன்றியிருக்காது.

அந்த வருஷம் நவம்பர் 23-ம் தேதி, நியூயார்க் மாநிலத்தின் பைன் ஐலண்டில் திடீர் உடல்நலக் குறைவால் கான்ட் இறந்தார். வயது 58. அந்தச் சார்ட்டுக்கு அவர் காப்புரிமை வாங்கவில்லை.

அவரோடு வேலை பார்த்த வாலஸ் கிளார்க் 1922-ல் கான்ட் சார்ட் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். அந்த எழுத்துக் குறிகள், கோடு போடும் முறை எல்லாம் அதில் விளக்கமாக இருக்கும். பல மொழிகளுக்கு அது போனது. கான்ட்டின் இன்னொரு கூட்டாளி வால்டர் பொலகோவ், சோவியத் யூனியனின் முதல் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் அங்கே போய் ஆலோசகராக வேலை செய்தார். அமெரிக்க ராணுவத்துக்காகப் போட்ட கோடுகள் கம்யூனிஸ்ட் நாட்டின் தொழிற்சாலைச் சுவர்களிலும் ஏறின. 1929-ல் அமெரிக்க மெக்கானிக்கல் இன்ஜினீயர்கள் சங்கம் கான்ட் பெயரில் ஒரு பதக்கத்தை ஏற்படுத்தி, முதல் பதக்கத்தை இறந்து 10 வருஷமான அவருக்கே கொடுத்தது.

இந்த மாதிரிப் படத்தை யோசித்த முதல் ஆள் கான்ட்தானா என்று கேட்டால், இல்லை. கரோல் அடமிய்ச்கி என்ற போலந்து இன்ஜினீயர், 1890-களிலேயே இரும்பு உருட்டாலைகளில் வேலை பார்த்தபோது இப்படி ஒன்றை உருவாக்கியிருந்தார். தாளில் கோடு போடுவதற்குப் பதிலாக, மேலும் கீழும் நகர்த்தும் காகிதப் பட்டைகள். ஒரு வேலைக்கு முன்னால் எது முடியணும், பின்னால் எது தொடங்கணும் என்பதும் அந்தப் பட்டையிலேயே எழுதியிருக்கும். கான்ட் விட்ட சங்கிலியை அவர் அப்போதே பிடித்திருந்தார். ஆங்கிலம் பேசும் உலகத்துக்கு அவர் வேலை சரியாகப் போய்ச் சேரவில்லை. அவர் அந்தப் படத்துக்கு வைத்த பெயர் ஹார்மோனோகிராம். போலந்தில் இன்றைக்கும் வேலைகளுக்கான கால அட்டவணை என்று சொல்ல மக்கள் பயன்படுத்தும் சாதாரண வார்த்தைகளில் அதுவும் ஒன்று.